மாணவர் வழிகாட்டலுக்குக் கால அட்டவணையில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலை அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் தொடங்கும் காலம் இது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் 'டியூட்டர்' என்றோ, 'மென்டர்' என்றோ, வழிகாட்டி ஆசிரியர் என்றோ ஒருவர் ஒதுக்கப்படுவார். அவர் பெயர் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். மாணவரின் புகைப்படம், இரத்த வகை, பெற்றோரின் கைப்பேசி எண் ஆகியவை ஒரு பதிவேட்டில் ஏறும். பெரும்பாலான கல்லூரிகளில் அந்த ஏற்பாடு ஏறத்தாழ அத்துடன் முடிந்துவிடுகிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் 31 ஆண்டுகள் கணிதம் கற்பித்து 2021-இல் ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், அந்தப் பதிவேடுகளை நிரப்பியவர்களில் ஒருவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

நிரப்பிய விதத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தர மதிப்பீட்டுக்காக 'நாக்' குழு எங்கள் கல்லூரிக்கு வரவிருந்த வாரத்தில், மாலை வகுப்புகள் முடிந்த பிறகு துறையில் அமர்ந்து மூன்று ஆண்டுகளுக்கான வழிகாட்டல் பதிவேட்டை ஒரே அமர்வில் எழுதி முடித்தேன். தேதி, கலந்துரையாடிய பொருள், வழங்கப்பட்ட அறிவுரை, மாணவர் கையொப்பம் என்று நான்கு கட்டங்கள். ஒரே நாளில் எழுதியது தெரியக்கூடாது என்பதற்காக நீலப் பேனா, கருப்புப் பேனா, நடுவில் ஒரு பந்துமுனைப் பேனா என்று மாற்றி மாற்றி எழுதினேன். 'நன்றாகப் படிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது' என்ற வாக்கியத்தை எத்தனை முறை எழுதினேன் என்று கணக்கு இல்லை. மறுநாள் மாணவர்கள் வராந்தாவில் வரிசையில் நின்று, ஆளுக்கு எட்டு இடங்களில் கையெழுத்திட்டார்கள். இறுதியாண்டு மாணவி ஒருவர் எட்டாவது கையெழுத்தைப் போட்டு முடித்தபின், சற்றுத் தயங்கி, "சார், நீங்கதான் என் டியூட்டரா?" என்று கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வந்த குழு பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

விதிகள் இல்லாததால் வந்த நிலை அல்ல இது. 1948-49-இல் இராதாகிருஷ்ணன் குழுவே பல்கலைக்கழகக் கல்வியில் சிறு குழுக்களாக மாணவர்களைச் சந்திக்கும் 'டியூட்டோரியல்' முறையை எல்லாக் கல்லூரிகளிலும் வளர்க்கச் சொன்னது. அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஒழுங்குவிதிகள், துறைத் தலைவர் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும், அவர் அம்மாணவர்களின் படிப்புக் காலம் முழுவதும் அவர்களுடைய ஆலோசகராக இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட ஒழுங்குமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ஆசிரியர் நாள்தோறும் கல்லூரியில் குறைந்தது 5 மணி நேரம் இருக்க வேண்டும். பட்டப்படிப்புக் கல்லூரியாயின் அதில் குறைந்தது 2 மணி நேரத்தை மாணவர் வழிகாட்டலுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கான இடத்தையும் வசதியையும் கல்லூரி செய்து தர வேண்டும் என்பது அதில் உள்ள விதி. நாள்தோறும் 2 மணி நேரம்! நான்கு பேர் அமரக்கூடிய அறையில் ஏழு மேசைகளைப் போட்டு, ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் வெளியே போக முடியும் என்ற நிலையில் இருந்த எங்கள் துறையில், அந்த 'இடமும் வசதியும்' எங்கே அமைந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அப்படியானால் மாணவர்கள் தங்கள் ஐயங்களை யாரிடம்தான் கேட்கிறார்கள்? என் அனுபவத்தில் அதற்கு விடை கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடை. தேர்வுக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் எது, உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் புதிதாக எடுக்க வேண்டுமா, அரியர் தாளுக்குத் தனி விண்ணப்பமா, பிற துறைப் பாடமாக எதை எடுத்தால் 'ஈஸி', ஹால் டிக்கெட்டில் பெயர் பிழையாக வந்தால் எங்கே போவது என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கடைக்காரரிடம் பதில் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புடன் நின்றவர். ஆனால் பல்கலைக்கழகத்தின் சுற்றறிக்கைகள் எங்கள் அறிவிப்புப் பலகைக்கு வரும் முன்னரே அவர் கடைக் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் மாணவர்களுக்கு எங்களைவிட அதிகம் உதவியவர் அவர். அவர் சொன்ன தேதிகள் ஒருபோதும் தவறியதில்லை. ஆனால், எந்தப் பாடத்தை எடுத்தால் எளிது என்று அவரால் சொல்ல முடிந்ததே தவிர, எதை எடுத்தால் மூன்றாண்டுகள் கழித்து எந்த வாசல் திறக்கும், எது அடைபடும் என்று சொல்ல முடியவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சாலைக்கு இந்தப் பக்கம், ஏழு மேசைகளுக்கு நடுவே அமர்ந்திருந்தோம்.

வாசல் அடைபட்ட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுக்கத் தமிழ்வழியில் படித்த மாணவர் ஒருவர் எங்கள் துறையில் தமிழ்வழிப் பிரிவில் சேர்ந்தார். சேர்ந்த மாதமே ஆங்கிலவழிப் பிரிவில் ஓர் இடம் காலியாயிற்று. மதிப்பெண் நன்றாக இருந்ததால் அவருக்கு அது கிடைத்தது. உறவினர்கள் பாராட்டினார்கள், நாங்களும் முதுகில் தட்டிக்கொடுத்தோம். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-லேயே வந்துவிட்டது என்பதும், பட்டப்படிப்பு தகுதியாக உள்ள பணிகளுக்கு அந்தப் பட்டத்தையும் தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அந்த முன்னுரிமை உண்டு என்பதும் எங்களில் சிலருக்குத் தெரிந்தே இருந்தன. (2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி பள்ளிப் படிப்பும் முழுக்கத் தமிழ்வழியில் இருக்க வேண்டும், இவருக்கு அந்தப் பகுதியில் குறையே இல்லை.) தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனெனில், பிரிவு மாற்றம் என்பது அலுவலகக் கோப்பில் ஒரு குறிப்பு. அது வழிகாட்டி ஆசிரியரின் மேசைக்கு வரவே வராது. பட்டம் பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து, போட்டித் தேர்வுச் சான்றிதழ் சரிபார்ப்புக்காகத் தமிழ்வழிச் சான்று கேட்டு அவர் கல்லூரிக்கு வந்தார். அலுவலகக் கண்காணிப்பாளர் முடியாது என்றார். அவர் சொன்னது சரிதான். அன்று துறைக்கு வந்து என் மேசை முன் நின்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்பவே யாராவது சொல்லியிருக்கலாமே, சார்?"

அவர் ஆங்கிலவழிக்கு மாறியது தவறு என்று நான் சொல்லவில்லை. மேற்படிப்புக்கு அது உதவியிருக்கலாம். எதைப் பெற எதை விடுகிறோம் என்று தெரிந்து மாறியிருந்தால் அது அவருடைய முடிவாக இருந்திருக்கும். தெரியாமல் மாறியதால் அது அவருக்கு நேர்ந்த ஒன்றாகிவிட்டது.

வீட்டில் பட்டதாரி ஒருவர் இருந்தால், இவற்றில் பாதியைச் சாப்பாட்டு நேரத்திலேயே சொல்லிவிடுவார். அண்ணனோ, அத்தையோ, எதிர் வீட்டு ஆசிரியரோ சொல்லக் கேட்டு வளரும் பிள்ளைக்கு 'கிரெடிட்' என்றால் என்ன, 'இன்டர்னல்' மதிப்பெண் ஏன் குறைகிறது, அரியரை முதல் பருவத்திலேயே முடிக்காவிட்டால் ஐந்தாம் பருவத்தில் என்ன ஆகும் என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் உயர்கல்வி மாணவர் சேர்க்கை விகிதம் 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய ஆய்வறிக்கையின்படி 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண் இது, நானும் பெருமைப்படுகிறேன். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டு முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை, திறன் பயிற்சிக்கு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் என்று பிள்ளைகளைக் கல்லூரி வாசலுக்குள் கொண்டுவருவதற்கு நிறையச் செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே வந்தவர்களில் மிகப் பலருக்கு வீட்டில் சொல்ல ஆள் இல்லை. வீட்டில் இல்லாத அந்த ஆளாக இருக்கத்தான் வழிகாட்டி ஆசிரியர் வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் அனுகூலமாக இதைப் பார்க்கக்கூடாது.

இதில் தேதிகள் மிக முக்கியம். ஐ.ஐ.டி.களிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் முதுநிலை அறிவியல் படிப்பில் சேர 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வு உண்டு. தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பமோ முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். அதாவது, இறுதியாண்டு மாணவர் ஐந்தாம் பருவத்தின் நடுவிலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். அதற்குத் தயாராக வேண்டுமானால் இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மாணவர்கள் 'அடுத்து என்ன?' என்று கேட்கத் தொடங்குவது ஆறாம் பருவத் தேர்வுக் கட்டணம் கட்டிய பிறகு. மெய்ப்பகுப்பாய்வில் நான் அதுவரை கண்டவர்களிலேயே கூர்மையான மாணவி ஒருவர், ஒரு தேற்றத்தின் நிரூபணத்தில் பாடநூலில் விடுபட்டிருந்த ஒரு படியை எனக்கே சுட்டிக்காட்டியவர், பிப்ரவரி மாத இறுதியில் வந்து, "ஜாம்னு ஒரு எக்ஸாம் இருக்காமே சார், எப்ப அப்ளை பண்ணணும்?" என்று கேட்டார். அந்த ஆண்டுத் தேர்வே முடிந்திருந்தது. அடுத்த ஆண்டு எழுதலாம் என்றேன். வீட்டில் ஓராண்டு காத்திருக்க விடவில்லை, பி.எட். சேர்ந்தார். நல்ல ஆசிரியையாக இருப்பார். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முந்தைய ஆண்டு முழுவதும் வாரம் ஐந்து மணி நேரம் அவர் என் எதிரே அமர்ந்திருந்தார். நான் தொடர்வரிசைகளின் ஒருங்கலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

வழிகாட்டல் என்றவுடன் அறிவுரை என்று எண்ணிக்கொள்வதுதான் நம்மிடம் உள்ள பெரிய குறை என்று நினைக்கிறேன். தலைமுடியை வெட்டு, கைப்பேசியைக் குறை, பெற்றோரை நினைத்துப் பார் என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் எங்களிடம் ஆழமாக இருந்தது. மாணவருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இரண்டே. ஒன்று, உரிய நேரத்தில் உரிய தகவல். மற்றொன்று, அவரைப் பற்றிச் சிதறிக் கிடக்கும் செய்திகளை ஓரிடத்தில் சேர்த்துப் பார்க்கும் ஒரு கண். இந்த இரண்டாவதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவருக்கு வருகைப் பதிவு விழுக்காடு குறைந்துவிட்டது. துணைப்பாடமான இயற்பியலில் இரண்டு அரியர். 'படிப்பில் அக்கறை இல்லை' என்பதுதான் துறையில் எல்லோருடைய கருத்தும், என்னுடையதும். ஒரு நாள் மேற்பார்வைப் பணி இல்லாத ஓய்வு வேளையில், வேறு எதற்கோ வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அவருக்கு நேரே, வரவில்லை என்பதைக் குறிக்க இட்டிருந்த 'ஆ'க்கள் எல்லாம் முதல் மணி நேரத்திலேயே விழுந்திருப்பதைக் கவனித்தேன். இரண்டாம் மணி முதல் ஐந்தாம் மணி வரை ஏறத்தாழ முழு வருகை. கூப்பிட்டுக் கேட்டபோது சொன்னார்: அவர் ஊருக்கு வரும் நகரப் பேருந்து காலையில் ஒன்றே ஒன்று; அது கல்லூரி நிறுத்தத்துக்கு வரும்போது முதல் மணி நேரம் பாதி கடந்திருக்கும்; தாமதமாக வருபவர்களை இயற்பியல் ஆசிரியர் உள்ளே விடமாட்டார். ஆறு நாள் சுழற்சி அட்டவணையில் மூன்று நாள்கள் முதல் மணி நேரம் துணைப்பாட இயற்பியலாக இருந்தது. வருகையும் குறைந்து, உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணும் குறைந்து, பல்கலைக்கழகத் தேர்விலும் அவர் தோற்றதற்கு இருந்த முழுக் காரணமும் அந்தப் பேருந்துதான். இயற்பியல் துறைத் தலைவரிடம் பேசி அட்டவணையில் இரண்டு மணி நேரங்களை இடம் மாற்றியதில் சிக்கல் தீர்ந்தது. பேச எடுத்த நேரம் பத்து நிமிடம் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கு முன்னால் மூன்று பருவங்கள் வீணாகியிருந்தன. ஒவ்வொரு பாட ஆசிரியரும் தம் மணி நேரத்தை மட்டுமே பார்த்திருந்தார். முழுப் பதிவேட்டையும் பார்க்க வேண்டிய நான் அதில் விழுக்காட்டை மட்டுமே பார்த்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. மாணவரிடம் ஏதேனும் பிசகு தெரிந்தால் 'அப்பாவைக் கூட்டி வா' என்பது நம் கல்லூரிகளில் முதலும் கடைசியுமான கருவியாக இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் தந்தைக்கு அது ஒரு நாள் கூலி இழப்பு. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, துறைத் தலைவர் முன் கைகட்டி நின்று, மகன் திட்டு வாங்குவதைப் பார்த்துவிட்டுப் போகும் அவருக்கு, வருகைக் குறைவைப் பொறுத்துத் தேர்வெழுத விடும் 'கண்டோனேஷன்' என்றால் என்ன என்றோ, மகன் எந்தத் தாளை மீண்டும் எழுத வேண்டும் என்றோ யாரும் விளக்குவதில்லை. பெண் பிள்ளைகளின் விஷயத்தில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. மாணவி வகுப்புக்கு வரவில்லை என்று தொலைபேசியில் சொல்லப்பட்ட ஒரு வரி, வீட்டில் எப்படி விளங்கிக்கொள்ளப்படும் என்பது தமிழ்நாட்டில் வாழும் எவருக்கும் தெரியும். படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வீடுகளை நான் அறிவேன். பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டிய சூழல்கள் உண்டு. உயிருக்கோ பாதுகாப்புக்கோ அச்சம் என்றால் தயங்கவே கூடாது. மற்ற வேளைகளில், வீட்டுக்கு அழைக்கும் முன் மாணவரிடம் ஒரு முறை பேசிவிட வேண்டும் என்பதையாவது வழிகாட்டி ஆசிரியர்கள் ஒரு விதியாகக் கொள்ளலாம். நம்மிடம் சொன்னது அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடும் என்று தெரிந்த மாணவர் நம்மிடம் எதையும் சொல்லமாட்டார்.

ஆசிரியர்களை மட்டும் குறைசொல்வதும் நியாயமாகாது. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். அதற்கான தயாரிப்பு, உள்மதிப்பீட்டுத் தாள் திருத்தம், தேர்வு மேற்பார்வை, சேர்க்கைப் பணி, இணையதளங்களில் விவரம் ஏற்றும் பணி, இடையில் தேர்தல் பணி. இவற்றுக்கு நடுவே 60 மாணவர்கள் கொண்ட ஒரு வகுப்பு முழுவதும் ஒருவர் பொறுப்பில். எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் வாரத்துக்கு ஆறு பேர். 60 பேரையும் ஒரு சுற்றுப் பார்க்கப் பத்து வாரம். ஒரு பருவத்தில் 90 வேலைநாள்கள், அதாவது ஏறத்தாழ பதினைந்து வாரங்கள். எனவே பருவத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு மாணவருடனும் தனியே பத்து நிமிடம் பேசிவிட முடியும். மீதமுள்ள ஐந்து வாரங்களில், மறுபடி பார்க்க வேண்டிய முப்பது பேரைப் பார்த்துவிடலாம். மூன்றாண்டில் ஒருவருக்குக் குறைந்தது ஆறு சந்திப்புகள். மானியக் குழு சொன்ன நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த வாரம் ஒரு மணி நேரம்கூட இன்று எந்தக் கால அட்டவணையிலும் அச்சாவதில்லை. அட்டவணையில் இல்லாத வேலை பணிச்சுமைக் கணக்கில் வராது. கணக்கில் வராத வேலையை மனசாட்சியுள்ள சிலர் மதிய உணவு இடைவேளையில் செய்வார்கள். மற்றவர்கள் என்னைப் போல மூன்று பேனாக்களை வைத்துக்கொள்வார்கள்.

கௌரவ விரிவுரையாளர்களின் நிலையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அரசுக் கல்லூரிகளின் பல துறைகளில், குறிப்பாக இரண்டாம் ஷிப்டில், வகுப்புகளைத் தாங்கிப் பிடிப்பவர்கள் அவர்களே. மாணவர்களுக்கு வயதிலும் பேச்சிலும் நெருக்கமானவர்களும் அவர்களே. மாணவர்கள் மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் அவர்களிடம்தான் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். தொகுப்பூதியத்தில், அடுத்த ஆண்டு இதே கல்லூரியில் இருப்போமா என்பது உறுதியில்லாத நிலையில் உள்ள ஒருவரிடம் மூன்றாண்டுப் பொறுப்பை எப்படி ஒப்படைப்பது? ஒப்படைத்தால், மாணவரின் கதை முழுவதும் தெரிந்தவர் போய்விடுவார். பதிவேடு மட்டும் அடுத்தவர் கைக்கு வரும். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் வழிகாட்டலைப் பற்றிப் பேசுவதில் ஓரளவுக்கு மேல் பயனில்லை என்பதே உண்மை.

வழிகாட்டலையும் மனநல ஆலோசனையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் தொடர்பாக அளித்த வழிகாட்டு நெறிகளில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று சொன்னது. தேர்வுக் காலத்திலும் படிப்பின் திருப்பங்களிலும் சிறு சிறு மாணவர் குழுக்களுக்கு வழிகாட்டிகளோ ஆலோசகர்களோ தனியே ஒதுக்கப்பட வேண்டும் என்றும் சொன்னது. இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மூன்று நாள் பயிற்சி பெற்ற கணித ஆசிரியர் மனச்சோர்வுக்கு மருத்துவம் செய்யப் புறப்படுவது ஆபத்து. அவர் செய்ய வேண்டியது, மாற்றத்தைக் கவனிப்பதும், யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதும், தேவையானால் கூடவே நடந்து போய் விட்டு வருவதும்தான். ஆலோசகர் பணியிடத்தை நிரப்பாமல் அந்தப் பெயர்ப்பலகையை வழிகாட்டி ஆசிரியரின் கழுத்திலேயே மாட்டிவிடும் போக்குக்குக் கல்லூரிகள் இடம் கொடுக்கக்கூடாது.

உயர்கல்வித் துறையும் பல்கலைக்கழகங்களும் இந்தக் கல்வியாண்டிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. பெரும் செலவு எதுவும் இல்லை. வழிகாட்டலுக்கு வாரம் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையில் அச்சிட்டு, அதைப் பணிச்சுமையில் சேர்க்க ஓர் ஆணை போதும். முதலாண்டில் ஒதுக்கப்பட்ட ஆசிரியரே இறுதியாண்டு வரை தொடர வேண்டும் என்று அதே ஆணையில் ஒரு வரி சேர்க்கலாம். பயிற்றுமொழி மாற்றம், பாடப்பிரிவு மாற்றம், விருப்பப் பாடத் தேர்வு, படிப்பை இடைநிறுத்தல் ஆகிய நான்கு விண்ணப்பங்களிலும் வழிகாட்டி ஆசிரியர் மாணவருடன் பேசிக் கையொப்பமிட்ட பிறகே அலுவலகம் அவற்றைப் பெற வேண்டும் என்று வைத்தால், நான் மேலே சொன்ன மாணவருக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது. ஒவ்வொரு துறையும், முதல் பருவம் தொடங்கி ஆறாம் பருவம் வரை எந்த மாதத்தில் எந்த உதவித்தொகை, எந்த நுழைவுத் தேர்வு, எந்த விண்ணப்பம் என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி மாணவர் கையில் கொடுக்கலாம். இதற்கு ஒரு பிற்பகல் போதும், எழுதத் தெரியாவிட்டால் ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். நாக் போன்ற மதிப்பீட்டு அமைப்புகள் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தையும் பதிவேட்டின் தடிமனையும் கேட்பதற்குப் பதிலாக, வராந்தாவில் போகும் இறுதியாண்டு மாணவர் பத்துப் பேரை நிறுத்தி, 'உங்கள் டியூட்டர் யார், கடைசியாக அவரிடம் எப்போது பேசினீர்கள், எதைப் பற்றி?' என்று கேட்டால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். எங்கள் கல்லூரியில் அப்படிக் கேட்டிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன்.

பணியிடங்கள் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு யோசனை. ஒவ்வொரு மாவட்டத்திலும் என்னைப் போல ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்கள் பலர் இருக்கிறோம். காலையில் நடைப்பயிற்சியும் மாலையில் நாளிதழுமாகப் பொழுது போகிறது. ஊதியம் எதுவும் இன்றி வாரம் ஒரு பிற்பகல் வந்து அமர எங்களில் சிலராவது தயார், நான் தயார். நாங்கள் பணியில் உள்ள ஆசிரியருக்கு மாற்றாக மாட்டோம்; விண்ணப்பத் தேதிகளையும் விதிகளையும் எடுத்துச் சொல்வோம், மதிப்பெண் பட்டியலை மாணவருடன் சேர்ந்து படிப்போம். கல்லூரி முதல்வர்கள் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் தந்தால் போதும். அந்த மேசையை முதல்வர் அறைக்கு எதிரே போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். நூலகத்துக்குப் போகும் வழியில், வேப்பமரத்தடியில் போட்டால் வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் ஒருவர்